கிழிய மறுத்த சிவப்பு அங்கி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், தூத்துக்குடியில் நடந்தது இது. கடலில் மீன் பெருக வேண்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கிற தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது, கிழிந்த வலையைக் கட்டுவது என்று துறைமுகத்தில் வேலை நடக்கும். எங்கள் படகில் வலைக்குப் பொறுப்பு நான்தான்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு காரியத்தை முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. செய்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை. இதை என் வீட்டுக்காரி பிடிவாதம் என்பாள், நான் வைராக்கியம் என்பேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது, இன்னும் தீர்ப்பு வரவில்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். சில நாள் முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வரும். சில நாள் வாய் திறந்திருக்கும், சத்தமே வராது. அறிவில் ஒரு குறையும் கிடையாது. மனதுக்குள் எல்லாம் தயாராக இருக்கும், வாசலில்தான் நெரிசல். டாக்டரிடம் காட்டினோம், பயிற்சியும் கொடுத்தோம். அவசரப்படுத்தாதீர்கள், தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அவள் திணறும்போது எனக்குத் தாங்காது. அவள் சொல்ல வருவது எனக்குத்தான் தெரியுமே, முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுவேன். பிள்ளைக்குக் கஷ்டம் குறையட்டும் என்றுதான்.

எங்கள் மாதா கோயிலில் ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி விடுமுறை வகுப்பு நடக்கும். கடைசி நாள் சாயங்காலம் கோயில் மைதானத்தில் மேடை போட்டுக் கலைநிகழ்ச்சி. அதற்கு முந்தின வருடம் என் மகள் சம்மனசு, அதாவது தேவதூதர் வேடம் போட்டிருந்தாள். ஒரே ஒரு வரிதான் பேச வேண்டும். இறக்கைகளை வேடத்துணி வாடகைக்கு விடுகிற கடையில் எடுத்துவந்தேன். மேடையில் அவளுக்கு முதல் எழுத்தே சிக்கிக்கொண்டது. சனம் பொறுமையாகத்தான் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, முதுகில் பிடித்திருந்த வெல்க்ரோ ஒட்டுப்பட்டை விட்டுப்போய் வலப்பக்க இறக்கை தொப்பென்று கீழே விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள், பின்னால் பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்தது இறக்கையைப் பார்த்துத்தான். ஆனால் அவளுக்கு அது தெரியாதே. ஒற்றை இறக்கையோடு மேடையிலிருந்து ஓடிவந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வெளியில் வாயைத் திறப்பதே குறைந்துபோனது. பள்ளியில் டீச்சர் கேட்டால் தலையாட்டுவாள். கடைக்கு அனுப்பினால் வேண்டியதைக் கையால் காட்டுவாள். அந்த ஒரு வருடமும் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினோம் என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது.

ஆகவே அந்த வருடம் வகுப்பு நடத்துகிற சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க பொண்ணு இந்த வருஷம் நாடகத்துல நடிக்கிறா, அவளே வந்து கேட்டா" என்று சொன்னதும் நானும் என் வீட்டுக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கதை எங்கள் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடுங்குளிரில் குதிரையில் வந்த ஒரு படைவீரர், வழியில் நடுங்கிக்கொண்டிருந்த பிச்சைக்காரரைப் பார்த்து, தன் அங்கியை வாளால் இரண்டாக அறுத்துப் பாதியைப் போர்த்திவிட்டார். பிறகு அவர் புனிதரானார். என் மகள் கேட்டு வாங்கிய வேடம் அந்தப் படைவீரர். ஏன் அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கதையை சிஸ்டர் மைக்கில் வாசிப்பார். படைவீரருக்கு ஒரு வார்த்தைகூட வசனம் கிடையாது. நடந்து வர வேண்டும், அட்டை வாளை உயர்த்த வேண்டும், அங்கியை இரண்டாக்கிப் பாதியைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதாவது, அவளுக்கு வாயே அந்த அங்கிதான். அது சரியாக இரண்டானால் அவள் ஜெயித்தாள். சொதப்பினால் இனி அவள் ஜென்மத்துக்கும் மேடை ஏற மாட்டாள்.

வாடகைக் கடைப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று ஏற்கெனவே சபதம் போட்டிருந்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு மில்லர்புரத்தில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் போனேன். மே மாதம் பாதி தாண்டியிருந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் துணி அவர் தலைக்கு மேல் குவிந்துகிடந்தது.

"என்னம்மா வேணும் ஒனக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"அ... அ..." என்றாள்.

"அங்கி, அண்ணாச்சி" என்றேன் நான். "மேடையில நடுவுல ரெண்டாப் பிரியணும். ஆனா அதுக்கு முன்ன பிரிஞ்சிரக் கூடாது."

மகள் வாயை மூடிக்கொண்டு மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"பிரியணும், பிரியவும் கூடாதுன்னா அது என்ன தையல்யா? ஸ்கூல் தொறக்கப் போவுது, இங்கன மூச்சுவிட நேரமில்ல. இது நடக்காது தம்பி."

நடக்காது என்றாரா, சரி. வருகிற வழியிலேயே ஜவுளிக் கடைக்குள் நுழைந்து பளபளவென்று சிவப்பு சாட்டின் துணி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை முடிந்து வந்து அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா தைக்கப் போறீய? ஒங்க சட்டைப் பொத்தான் பிஞ்சு ஒரு மாசமாத் தொங்குது" என்றாள்.

"பொத்தான் தைக்க முடியாம இல்ல. மனசு வரல, அவ்வளவுதான்."

"சிஸ்டர் ஒட்டுப்பட்டை வச்சுத் தைக்கச் சொன்னாங்கல்லா? லேசா வேல முடிஞ்சிரும்."

"ஒட்டுப்பட்டையா? அந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்றேன். இறக்கை விழுந்த சத்தம் என் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

சாட்டின் துணியும் வலைக்காரன் கையும் ஜென்மப் பகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருக்கும். தொட்ட இடத்திலெல்லாம் துணி கையில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக எழும்பியது. தேங்காய் எண்ணெயைத் தடவிப் பார்த்தேன், துணியில் கறை பிடித்தது. கடைசியில் என் வீட்டுக்காரி கம்பெனியில் போடுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். அதோடு ஊசி பிடித்தால் விரல் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. என் மகள் என்னைப் பார்த்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று இன்னும் கொஞ்சம் கோமாளித்தனம் பண்ணினேன். ஆனால் மனது அந்த நடுத் தையலிலேயே கிடந்தது.

மறுநாள் துறைமுகத்தில் வலை கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விடை கிடைத்தது. எங்கள் இழுவலைக்கு வால் பக்கம் பை மாதிரி இருக்கும், அதை மடி என்போம். அள்ளுகிற மீனெல்லாம் வந்து சேருவது அதற்குள்தான். அந்த மடியின் அடிப்பக்கத்தைக் கயிற்றால் வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி போலக் கோர்த்து மூடியிருப்போம். எத்தனை பாரம் ஏறினாலும் அது நிற்கும். ஆனால் மடியைத் தூக்கிப் படகுத் தளத்துக்கு மேலே கொண்டுவந்து கயிற்று நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் போதும், வளையம் வளையமாகச் சரசரவென்று கழன்று மொத்த மீனும் கொட்டிவிடும். அரிசி மூட்டையின் வாயில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்கப் பிரிந்து வருமே, அதே வித்தைதான்.

பிரியணும், பிரியவும் கூடாது. நான் தினமும் கையில் வைத்திருக்கிற கட்டு அது. தையல்காரரிடம் போய் நின்றேனே என்று என்மேலேயே சிரிப்பு வந்தது.

துணியை வலைக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டேன். இரண்டு பாதியாக வெட்டி, ஓரங்களை மடித்து, நடுவில் சேருகிற இரண்டு ஓரத்திலும் நூல் நுழைகிற மாதிரி சின்னச் சின்னக் காதுகள் வைத்தேன். சிவப்பு நைலான் நூலைக் கீழிருந்து மேலே அந்தக் காதுகளுக்குள் சங்கிலியாகக் கோர்த்தேன். நுனி மட்டும் கழுத்துக்குப் பின்னால் வந்து, தோள்மேல் முன்பக்கமாகத் தொங்கும். அதில் ஒரு சிவப்புக் குஞ்சம் கட்டினேன். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம், என் மகளுக்கு அதுதான் சாவி. வாளை உயர்த்தி அறுப்பது போலக் காட்டிக்கொண்டே இன்னொரு கையால் குஞ்சத்தை இழுத்தால் அங்கி இரண்டாகிவிடும்.

சும்மா விடுவார்களா எங்கள் ஆட்கள்? எங்கள் படகை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் முதல் ஆளாக வந்து நின்றார்.

"ஏலே, எந்த மீனுக்குலே செவப்பு வல?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு என் மகளைத் தெரியும், போன வருடம் நடந்ததும் தெரியும். கேலியை நிறுத்திவிட்டார்.

"பிள்ளைக்குன்னா சரி. கொண்டா, நான் போட்டுப் பாக்கேன்" என்றார்.

அவர் உடம்புக்கு அந்த அங்கி முதுகில் பாதிகூட மறைக்கவில்லை. தொந்தியை முன்னால் தள்ளிக்கொண்டு சிவப்பு சாட்டினோடு அவர் துறைமுகத்தில் நடந்துவந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பக்கத்துப் படகில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். "டிரைவருக்கு இன்னைக்கு முடிசூட்டுலே" என்று ஒருவன் சொன்னான். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. திரும்பி நின்று, "இழுலே" என்றார். இழுத்தேன். சரக்கென்று இரண்டாகிவிட்டது. திரும்பக் கோர்த்து, துணியை உதறி, அவரை ஓடச் சொல்லியும் பார்த்தோம். நுனியை இழுக்காதவரை ஒரு காதுகூட விலகவில்லை.

மகளுக்காக இன்னொரு காரியமும் செய்தேன். கழுத்தில் நாடா வைத்துக் கட்டினால் நழுவும், அவிழும். அதனால் அவள் போடப் போகிற வெள்ளைச் சட்டையின் தோளோடு சேர்த்து அங்கியை நைலான் நூலால் தைத்துவிட்டேன். இடது பாதி அவள் தோளிலேயே நிற்கும். வலது பாதிக்கு மட்டும் தோளிலும் அதே சங்கிலி, அதே நூலின் தொடர்ச்சி. குஞ்சத்தை இழுத்தால் நடுவும் தோளும் சேர்ந்தே கழலும். இந்த முறை மேடையில் எதுவும் தானாக விழாது. இந்த நூல் அறுவதற்குள் மேடையே சரிந்துவிடும் என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் பயிற்சி. நான் பிச்சைக்காரன், வீட்டுத் தரையில் உட்கார்ந்து நடுங்குவேன். அவள் நிமிர்ந்து நடந்து வருவாள், வாளை உயர்த்துவாள், குஞ்சத்தை இழுப்பாள், பாதியை என்மேல் போர்த்துவாள். நான் திரும்பக் கோர்த்துக் கொடுப்பேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாளாக ஆக அவள் நடையே மாறிவிட்டது. கழுத்து நிமிர்ந்து, தோள் விரிந்து, ஒரு அதிகாரி மாதிரி வருவாள். என் வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். வெங்காயம் என்பாள். அடுப்பில் கொதிப்பதோ வெங்காயம் போடாத ரசம்.

நிகழ்ச்சி அன்றைக்குக் கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. கச்சான் என்றால் மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று. மேடையின் பின்திரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் மேடைக்குப் பின்னால் மகளோடு நின்றேன். இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினாள். குஞ்சத்தை இழுத்தாள், அழகாகப் பிரிந்தது. அவளுக்குத் திருப்தி. நான் குனிந்து அவசர அவசரமாகத் திரும்பக் கோர்த்தேன். காற்றில் துணி கையைவிட்டுப் பறந்தது, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோர்த்து முடித்தேன். சிஸ்டர் கூப்பிட்டார். நான் சுற்றி வந்து என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கதை வாசிப்பு ஆரம்பமானது. பிச்சைக்காரராக வந்தது அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு மேடை நடுவில் உட்கார்ந்து, பல் கிட்டுகிற மாதிரி நடித்தாள். அந்த மே மாத வெக்கையில் அவள் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து எனக்கே குளிர் எடுத்தது. பிறகு என் மகள் வந்தாள்.

காற்று அவள் முதுகிலிருந்து அங்கியைத் தூக்கிப் பறக்கவிட்டது. சிவப்பு அங்கி விரிந்து ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. கூட்டத்தில் ஒரு 'அட' கிளம்பியது. நான் நெஞ்சை நிமிர்த்தி என் தையலைப் பார்த்தேன். அத்தனை காற்றிலும் ஒரு காது விலகவில்லை. குஞ்சம்கூட இருந்த இடத்தில் இறுகி நின்றது.

அந்தக் குஞ்சத்தைப் பார்த்ததும்தான் நான் செய்துவைத்த காரியம் எனக்கு உறைத்தது.

கடலில் மடியைக் கட்டும்போது, கடைசி வளையத்தை அப்படியே விடுவது கிடையாது. நீரோட்டத்தில் தானாகக் கழன்றால் அன்றைய பிழைப்பே கடலோடு போய்விடும். அதனால் கயிற்று நுனியை அந்தக் கடைசி வளையத்துக்குள் ஒரு முறை நுழைத்து இறுக்கிவிடுவோம். அதைப் பூட்டு என்போம். பூட்டைப் போட்டுவிட்டால் நுனியை எவ்வளவு இழுத்தாலும் கழலாது, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மடி மேலே வந்ததும் ஒரு ஆள் கையை விட்டுப் பூட்டை எடுத்த பிறகுதான் நுனியை இழுப்போம். வீட்டில் பயிற்சி செய்த நாளெல்லாம் நான் பூட்டுப் போடவில்லை. அன்றைக்கு, அந்தக் காற்றில், அவசரத்தில், இத்தனை வருடம் காற்றைக் கண்டதும் பூட்டுப் போட்டுப் பழகின என் கை, என்னைக் கேட்காமலே அதைப் போட்டுவிட்டது.

மேடையில் சிஸ்டரின் குரல், "உடனே அந்த வீரர் தம் அங்கியை இரண்டாக அறுத்தார்" என்றது. என் மகள் வாளை உயர்த்தினாள். குஞ்சத்தை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகுவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

சிஸ்டர் நிலைமையைப் பார்த்துவிட்டு அதே வரியைத் திரும்ப வாசித்தார். என் மகள் வாளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். கீழே உட்கார்ந்திருந்த பிச்சைக்காரப் பிள்ளை, "சீக்கிரம் குடுளா" என்று முணுமுணுத்தது மைக்கில் விழுந்து மைதானம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு சிரிப்பு முளைத்தது. போன வருடம் சிரித்த அதே இடம்.

கழற்றியாவது கொடுப்பாளா என்றால், அதற்கும் வழியில்லை. தோளோடு தைத்து வைத்தவன் நான். அவள் சட்டைத் தோளை ஒரு முறை பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். எல்லாக் கதவையும் நானே வெளியிலிருந்து சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. அந்த முகம் எனக்கு அத்துப்படி. என்னைத்தான் கூப்பிடப் போகிறாள், 'டாடி' என்ற சொல்தான் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் எழுந்துவிட்டேன். ஒரே ஓட்டமாக ஓடி மேடையில் ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வாயில், "இந்தா வாரேன் மக்கா" என்பதுகூட வந்துவிட்டது.

என் வீட்டுக்காரி என் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்தப் பிய்ந்த பொத்தான் அன்றைக்குத்தான் ஒரேயடியாக விழுந்தது.

"இரிங்க. அவ என்னமோ சொல்ல வாரா" என்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காற்றுச் சத்தமும் திரை அடிக்கிற சத்தமும்தான். போன வருடம் இந்த இடத்தில்தான் ஓடினாள். இந்த வருடம் அவள் கால் நகரவில்லை. கையை முறுக்கிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"உ... உ..."

சிரிப்பு நின்றுவிட்டது.

"உ... உள்ள வா" என்றாள்.

சொன்னது என்னிடம் இல்லை, அந்தப் பிச்சைக்காரப் பிள்ளையிடம். கையை நீட்டி அவளை எழுப்பினாள். காற்றில் அடித்துக்கொண்டிருந்த அங்கியை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, அவளை இழுத்து அணைத்து, அந்தச் சிவப்புத் துணிக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

"ரெ... ரெண்டு பேருக்கும் கா... காணும்."

எங்கள் பக்கம் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். இரண்டு தலையும் ஒரே அங்கிக்கு மேலே தெரிய, இரண்டு பேரும் கால் தடுக்கித் தடுக்கி மேடையைக் கடந்து போனார்கள். மைக்கில் சிஸ்டர் எதுவும் வாசிக்கவில்லை. வாசிக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். முதலில் கை தட்டியது பின்னால் நின்றிருந்த எங்கள் டிரைவர் அண்ணன். பிறகு மைதானம் முழுவதும் தட்டியது. நான் தட்டவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவள் நூல் முனையைக் கையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"டா... டாடி, நீங்க பூ... பூ..."

பூட்டு, வலைக்கூடத்தில் என்னோடு இருந்து அவள் எத்தனையோ தடவை கேட்ட அந்தச் சொல், என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வலை இழுப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"...பூட்டு போட்டுட்டீய" என்று முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆமா மக்கா, போட்டுட்டேன்" என்றேன்.

கத்தியை எடுத்து அந்த நூலை அறுக்கப் போனபோது அவள் விடவில்லை. சட்டையோடு சேர்த்து அப்படியே தலைவழியாகக் கழற்றினாள். அந்த முடிச்சு இன்றைக்கும் அவிழ்க்கப்படாமல் எங்கள் அலமாரியில் இருக்கிறது. எண்ணெய்க் கறை, எழும்பிய நூல், கோணல் ஓரம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த மில்லர்புரத்துத் தையல்காரர், இதை அங்கி என்று சொன்னால் தன் தொழிலுக்கே அவமானம் என்றார். இருக்கட்டும்.

என் மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். பேச்சு இன்னும் திக்கத்தான் செய்கிறது. ஆனால் கடையில் கையைக் காட்டுவதில்லை, கேட்டு வாங்குகிறாள். போன மாதம் கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தாள். நடுவில் ஒரு பெயரில் சிக்கிக்கொண்டு நின்றாள். கோயிலே காத்திருந்தது, அவளும் அவசரப்படவில்லை. கடைசி வரிசையில் நான் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால், என் மகள் என்னைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள் என்று சாகும்வரை நான் நம்பிக்கொண்டிருந்திருப்பேன். இப்போதெல்லாம் அவள் ஒரு சொல்லில் நிற்கும்போது, அது என்ன சொல் என்று எனக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காத்திருக்கிறேன்.